காலி வீடு என்றீர்களே, கதவைத் திறந்தது யார்?

ஐந்து மாதமாக மனசுக்குள் கிடந்து புழுங்குவதை இன்றைக்குக் கொட்டியே ஆகவேண்டும். வங்கி ஜப்தி செய்த வீட்டை வாங்கலாம் என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். விலை கொஞ்சம் குறைவாக இருக்கும், ரிப்பேர் வேலை நிறைய இருக்கும், அதைப் பொறுமையாகச் செய்துகொள்ளலாம் என்பது எங்கள் கணக்கு. அந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்காமல் விட்டது நடுவில் நிற்கும் ஏஜெண்டை.

முதலில் பேசிய ஏஜெண்ட் போனையே எடுக்கமாட்டார். ஒரு வாரம் கழித்து எடுத்து, அது போய்விட்டது சார் என்றார். அவரை விடுங்கள், வேலையில் அக்கறை இல்லாதவர் எல்லா இடத்திலும் உண்டு. என் கோபம் இரண்டாமவர் மேல். அவர் போனை எடுத்தார், இனிமையாகப் பேசினார், கூப்பிட்ட நேரத்துக்கு வந்தார், வந்து பொய் சொன்னார்.

வீட்டைக் காட்டியபோது கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. இரண்டு இணைப்பையும் துண்டித்து வெகுநாள் ஆகியிருந்தது. மொபைல் டார்ச் வெளிச்சத்தில் ஒரு வீட்டைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்தால்தானே கசிவு தெரியும், சுவிட்சைப் போட்டால்தானே உள்ளே ஒயர் இருக்கிறதா, யாராவது உருவிக்கொண்டு போய்விட்டார்களா என்பது தெரியும்? ஒரே ஒரு நாளைக்கு இணைப்பு கொடுங்கள், எங்கள் செலவில் ஒரு இன்ஜினியரை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டேன். வங்கி ஒத்துக்கொள்ளாது, இது உள்ளது உள்ளபடி விற்பனை என்றார். பின்னால் வங்கியில் நான் நேரில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அப்படி ஒரு கோரிக்கையே அவர்களிடம் போகவில்லை. கேட்காமலே கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்!

இந்த "உள்ளது உள்ளபடி" என்ற வார்த்தையைத்தான் கேடயம் மாதிரி தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். வீட்டில் என்ன கோளாறு இருந்தாலும் விற்பவர் சரிசெய்து தரமாட்டார், வாங்குகிறவர் பொறுப்பு என்பதுதான் அதற்குப் பொருள். சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தனக்குத் தெரிந்த கோளாறை மறைக்கலாம் என்று அதற்குப் பொருள் கிடையாது, பல நாடுகளில் சட்டமே அதை அனுமதிப்பதில்லை. வங்கி அந்த வீட்டில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக்கொடுத்துவிடும், அதிலாவது ஓரளவு உண்மை இருக்கிறது. வாரம் இரண்டு முறை சாவியோடு உள்ளே போய்வரும் ஏஜெண்டுக்குப் பின் அறையின் கூரை ஒழுகுவது தெரியாதா? சுவரில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்த இடத்தை மறைத்து அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெட்டியை நகர்த்திப் பார்த்தது நான்தான்.

இதைக்கூட மன்னித்திருப்பேன். அடுத்து நடந்ததை மன்னிக்க முடியவில்லை.

இன்னொரு வீடு, அதே ஏஜெண்ட். காலி வீடு, கையெழுத்துப் போட்டதும் சாவி என்று அடித்துச் சொன்னார். முன்பணமும் கட்டிவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றுப்புறத்தைப் பார்த்துவரலாம் என்று நாங்கள் இருவரும் போனால், வாசலில் செருப்புகள், கொடியில் துணி, சுவரோரம் ஒரு சின்ன சைக்கிள். கதவைத் தட்டினேன். பத்து வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை திறந்து, எங்களைப் பார்த்ததும் "அம்மா, வீட்டை எடுக்க வந்திருக்காங்க" என்று உள்ளே கத்தியது. அந்த அம்மா வந்து ஒன்றும் பேசாமல் நின்றார். எனக்கு நாக்கு எழவில்லை. தெரியாமல் வந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் மனைவி அழுதுகொண்டே வந்தாள்.

ஏஜெண்டைக் கூப்பிட்டுக் கேட்டால், "அதெல்லாம் நீங்க கண்டுக்காதீங்க, வாங்கின பிறகு ஒரு நோட்டீஸ் விட்டா போயிடுவாங்க" என்கிறார். எப்படிப் போவார்கள்? வீட்டில் ஆள் இருக்கும்போது வாங்கினால், அவர்களைச் சட்டப்படி வெளியேற்றும் வழக்கு, செலவு, மாதக்கணக்கில் காத்திருப்பது எல்லாம் வாங்கியவன் தலையில் விழலாம். அதைவிட, ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் வேலையை எங்களுக்கே தெரியாமல் எங்கள் கையில் கொடுக்கப் பார்த்தாரே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

அவசரப்படுத்துவதைப் பற்றியும் சொல்லவேண்டும். வேறு இரண்டு பேர் கேட்கிறார்கள், இன்று மாலைக்குள் உங்கள் கடைசி விலையைச் சொல்லுங்கள் என்பார்கள். அந்த இரண்டு பேர் உண்மையில் இருக்கிறார்களா என்று நமக்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. நாம் விலை சொன்ன பிறகு வங்கி வாரக்கணக்கில் பதில் சொல்லாது, அதற்குக் கேள்வி கிடையாது. ஆனால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், நம் பக்கம் தாமதமானால் நாளொன்றுக்கு இவ்வளவு அபராதம் என்று எழுதியிருக்கும்.

இந்த அவசரத்தில்தான் பத்திரத்தைச் சரிபார்க்காமல் விடச் சொல்கிறார்கள். வங்கியே விற்கிறது, வில்லங்கம் எங்கிருந்து வரும் என்கிறார். எங்கிருந்து வருமா? அமெரிக்காவில் வங்கி அலுவலர்கள் மாதம் ஆயிரக்கணக்கான ஜப்திப் பத்திரங்களைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தள்ளியது 2010-ல் வெளியே வந்தது. அதற்காக 2012-ல் 49 மாநிலங்களோடு 5 பெரிய வீட்டுக்கடன் நிறுவனங்கள் சுமார் 2,500 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2011-ல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஜப்தி நடவடிக்கை எடுத்த சமயத்தில் அந்த அடமானமே வங்கியின் கையில் வந்துசேரவில்லை, அதனால் ஜப்தி செல்லாது, வாங்கியவருக்கு வீட்டில் உரிமையும் இல்லை என்று தீர்ப்பானது. பணம் கொடுத்து வாங்கிய மனிதர் அவர்! இதை ஏஜெண்டிடம் சொன்னால், நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க சார் என்று சிரிக்கிறார்.

ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று யோசித்ததில் எனக்குப் பட்டது இதுதான். நான் வாழ்நாளில் ஒரு வீடு வாங்குவேன். வங்கி ஏஜெண்டுக்கு அடுத்தடுத்து விற்க வீடுகளைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வங்கியிடம் போய் அதைச் செய்யுங்கள், இதைச் சரிபாருங்கள் என்று தொந்தரவு கொடுத்தால் அடுத்த வீடு வேறு ஏஜெண்டுக்குப் போய்விடும் என்ற பயம். கமிஷனும் விற்றால்தான் வரும், உண்மை சொன்னால் வராது. அப்படியானால் முதல் நாளே சொல்லுங்களேன், நான் வங்கியின் ஆள், உங்களுக்கு வேண்டியதை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று. எங்கள் தோளில் கைபோட்டு, உங்க சொந்தக்காரன் மாதிரி நினைச்சுக்குங்க என்று சொல்லாதீர்கள்.

நாங்கள் விலகிவிட்டோம். முன்பணம் இன்னும் வரவில்லை. கேட்டால் வங்கியைக் கைகாட்டுகிறார், வங்கி அவரைக் கைகாட்டுகிறது. இனி போனில் பேசுவதாக இல்லை, எல்லாக் கேள்வியையும் எழுத்தில் அனுப்பி எழுத்தில் பதில் கேட்டிருக்கிறேன். யாராவது உள்ளே குடியிருக்கிறார்களா என்ற கேள்வியை முதல் நாளே அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

நேற்று அதே வீட்டுக்குப் புது விளம்பரம் போட்டிருக்கிறார், காலி வீடு, உடனே குடிபோகலாம் என்று. படத்தின் ஓரத்தில் அந்தக் குழந்தையின் சைக்கிள் அப்படியே தெரிகிறது.