ஒத்திக்குக் கிடைக்குமா ஒரு கூட்டுக் குடியிருப்பு?

வயதானவர்கள் சேர்ந்து வாழும் கூட்டுக் குடியிருப்பு என்று பேச்சு வந்தாலே கோயம்புத்தூர்ப் பக்கத்து வில்லாக்களின் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். நடைபாதை, யோகா ஹால் எல்லாம் சரி, விலையைக் கேட்டால் அரசு பென்ஷன் வாங்குகிறவரே ஒருமுறை யோசிப்பார். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர்கள் எங்கே போவது?

மதுரையில் எங்கள் தெருவில் ஒரு வளவு, ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள். அங்கே பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா இருக்கிறார். ஒற்றை அறைக்கு வாடகை 3,000. எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து இரண்டே கக்கூஸ், அதுவும் குத்தவைத்து உட்காருவது. மூட்டுவலியோடு தண்ணீர்க் குழாயைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார், அந்தக் குழாயோ சுவரிலிருந்து பெயர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் வளவை விட்டு நகர மாட்டார். ராத்திரி கூடுதலாக இரண்டு தடவை இருமினால் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுவாள், வாடிக்கை வீடுகள் எல்லாம் நடக்கிற தூரம். அரசு வாரிய வீடு கிடைத்தாலும் ராஜாக்கூர் மாதிரி ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். பெண்களுக்கு பஸ் இலவசம்தான், ஆனால் சாயங்கால வியாபாரம் முடித்து இருட்டில் பஸ்ஸுக்கு நிற்பது யார்?

அதனால் இடம் ஊருக்குள் வேண்டும், அதை மாநகராட்சியோ அரசோ விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்குத் தர வேண்டும். நகருக்குள் சென்ட் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏழைக்கு வீடு என்ற பேச்சே அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் வீட்டை யார் பெயரிலும் எழுதக் கூடாது. குடியிருப்பவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கே கட்டடம் சொந்தம், உள்ளே வருகிறவர்கள் ஒத்திக்கு வரட்டும். மதுரைக்காரர்களுக்கு ஒத்தியை விளக்கவே வேண்டாம். இரண்டு, மூன்று லட்சத்தைக் கொடுத்து வாடகையில்லாமல் இருந்துவிட்டு, போகும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. அந்த அம்மா காலமானால் பணம் பிள்ளைகளுக்குப் போய்விடும், வீடு அடுத்த முதியவருக்கு. அவர் பெயரில் பட்டாவே கொடுத்திருந்தால் மகன் அதை வாடகைக்கு விட்டிருப்பான்.

ஒத்தியில் இருக்கும் வில்லங்கமும் நமக்குத் தெரியும். காலி செய்கிற அன்று பணத்தைக் கேட்டால் 'அடுத்த ஆள் வரட்டும்' என்பார்கள். ஆகவே ஒத்திப் பணம் முழுவதையும் கட்டடத்தில் போடாமல் ஒரு பகுதியை பேங்கில் வைத்தே ஆக வேண்டும், ஒப்பந்தத்தைப் பத்திரப்பதிவு செய்ய வேண்டும். ஒத்திக்கும் வழியில்லாதவர்களுக்குப் பத்து வீட்டில் மூன்று நான்கை ஒதுக்கி, சொற்ப வாடகை வாங்கலாம். அந்தக் குறையை வெளியிலிருந்து யாராவது ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். லண்டனில் வயதான பெண்களே சேர்ந்து நடத்தும் நியூ கிரவுண்ட் குடியிருப்பில் 25 வீட்டில் 8 வீடு குறைந்த வாடகைக்கு இருக்கிறது, அதற்கு ஓர் அறக்கட்டளை பணம் போட்டது. அப்படியும் 1998-இல் ஆரம்பித்தவர்கள் 2016-இல்தான் குடியேறினார்கள். நாம் அவ்வளவு காலம் காத்திருந்தால் வீடு கேட்டவர் யாரும் மிச்சமிருக்க மாட்டார்.

பத்து வீடு என்று சும்மா சொல்லவில்லை. பத்துக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாமல் இருந்தால் பொது மோட்டாருக்கும் விளக்குக்கும் கரண்ட் கட்டணம் குறைவு. வீட்டுக்கு ஒரு மீட்டர் வைத்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஒவ்வொருவருக்கும் இலவசம். மத்தியானச் சாப்பாட்டைப் பொதுவில் சமைத்தாலும் வீட்டுக்குள் சின்னதாக ஓர் அடுப்படி இருக்கட்டும், தனிச் சமையல் இல்லையென்றால் தனி ரேஷன் கார்டில் சிக்கல் வரும்.

எனக்குப் பயம் பணத்தில் இல்லை, அந்தப் பொதுச் சமையலில்தான். யார் சமைப்பது, யார் கையால் யார் சாப்பிடுவது என்று ஆரம்பித்தால் வளவு சாதிக்கொரு வளவாகிவிடும். அதனால் சமையல் முறை போட்டு எல்லோருக்கும் வரட்டும், அது பிடிக்காதவருக்கு வீடு கிடையாது என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

நடத்த ஆள் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். 1990-களில் மதுரைப் பக்கம் களஞ்சியம், மகளிர் குழு என்று சேமிப்புக் குழுக்களில் சேர்ந்தபோது முப்பதுகளில் இருந்த பெண்களில் பலருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. சந்தா பிரிப்பது, தீர்மான நோட்டு எழுதுவது, கடனைக் கட்டாதவர் வீட்டு வாசலில் போய் உட்காருவது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மாநகராட்சி இடத்தைக் காட்டட்டும், சங்கத்தை அவர்களே பதிவு செய்துகொள்வார்கள்.