தந்தேரஸ் அன்று பொன் வாங்கியே ஆகவேண்டுமா?

"தீபாவளிக்கு முன் தந்தேரஸ் அன்று பொன் வாங்காத வீட்டில் ஆண்டு முழுதும் கடன், இது தமிழரின் ஆதி வழக்கம், இரவு 7.15க்குள் வாங்குங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி கோலாலம்பூர், பினாங்கு குழுக்களில் சுற்றுகிறது. தவறு.

'தேரஸ்' என்றால் பதின்மூன்று. தேய்பிறைத் திரயோதசியில் வட இந்தியாவிலும் மேற்கிலும் பெரிதாகக் கொண்டாடப்படும் நாள் இது. அங்கேயும் பொன் கட்டாயமில்லை. பித்தளைச் சொம்பு, எவர்சில்வர் பாத்திரம், ஏன், துடைப்பம்கூட வாங்குவார்கள். 'தனம்' செல்வத்தைக் குறித்தாலும், பாற்கடலில் அமுதக் கலசத்தோடு தோன்றிய மருத்துவக் கடவுள் தன்வந்திரியை வணங்கும் நாளும் இதுவே. பாகவதம் எட்டாம் ஸ்கந்தத்தில் அந்தக் கதையைப் பார்க்கலாம். அன்று அந்தியில் வாசலுக்கு வெளியே தெற்கு நோக்கி எமதீபம் ஏற்றுவார்கள். அகால மரணம் அணுகாதிருக்க. பொன் விளம்பரங்களில் இந்த விளக்கைக் காணோம்!

நம் வீடுகளில் இந்தத் தன்வந்திரி வழிபாட்டுக்கு நெருக்கமானது தீபாவளி லேகியம்தான்: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய்.

நேரமும் பிசகு. திதி முடிவை இந்திய நேரத்தில் கொடுத்திருந்தால் இரண்டரை மணி கூட்டினால் போதும். பூஜைக்குரிய பிரதோஷ காலமோ உள்ளூர் அஸ்தமனத்தில் தொடங்குவது. கோலாலம்பூரில் அப்போது ஏறக்குறைய மாலை 7 மணி. டில்லி முகூர்த்தம் இங்கே பொருந்தாது. மலேசிய நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பாருங்கள், அல்லது கோயில் குருக்களைக் கேளுங்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.