எலிக்குத் தீனி வைக்கிறவன்

போன வாரம் முக்கூடல் போயிருந்தேன். சித்தி வீட்டில் பீடி சுற்றும் முறம் சுவரோரம் சாத்திக் கிடந்தது. சித்திக்கு முடக்குவாதம், காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. “எலிக்குத் தீனி வைக்கவால உன்னைப் படிக்க வச்சோம்?” என்று வழக்கம்போலக் கேட்டார்.

ஆமாம், பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் எலிதான் வளர்க்கிறேன். மரபணு மாற்றிய சுண்டெலிகள். சித்தியின் மூட்டைத் தாக்குவது அவருடைய எதிர்ப்புச் சக்தியேதான். அந்த மாதிரி நோய்களை ஆராயத்தான் இவை.

வயக்காட்டு எலி போல இவை தானாகப் பெருகிவிடாது. ஜோடியில் ஒவ்வொன்றுக்கும் நாங்கள் மாற்றிய மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதென்றால், இரண்டும் பழுதான, நமக்கு வேண்டிய குட்டி சராசரியாக நாலில் ஒன்று. சினைக்காலம் இருபது நாள். குட்டி போட்டதும் கூண்டைத் திறக்காமல் பார்ப்பேன். சிவந்த தோலுக்குள் வயிற்றில் வெள்ளையாகப் பால் தெரிந்தால்தான் மூச்சு வரும். ஒருமுறை பக்கத்து அறையில் டிரில் போட்டார்கள். மறுநாள் ஏழில் இரண்டு குட்டிதான் மிச்சம், தாயே தின்றிருந்தது. மூன்று வாரத்தில் காதோரம் துளி சதை எடுத்து, எந்த மரபணு இருக்கிறது என்று காட்டும் பிசிஆர் சோதனை பார்ப்போம். வேண்டாத மரபணுவோடு பிறந்தவற்றைக் கொல்ல வேண்டியிருக்கும். அதை மட்டும் சித்தியிடம் சொன்னதில்லை.

எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பைத் தாக்காமல் தடுப்பது எது என்று கண்டவர்களுக்கு 2025 மருத்துவ நோபல் பரிசு வந்தபோது எனக்குத் தோன்றியது வேறு. 1940-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தோல் உரிந்து, மண்ணீரல் வீங்கிச் சில ஆண் குட்டிகள் பிறந்தன. சில வாரத்தில் செத்தும் போயின. ஸ்கர்ஃபி என்று பெயர். இது யாரும் மாற்றியதல்ல, தானாக வந்த பழுது. பரிசு பெற்ற மூவரில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் அதன் காரணமான ஃபாக்ஸ்பி3 மரபணுவை வெளியிட்டது 2001-இல். எதிர்ப்பு அணுக்களை அடக்கி வைக்கும் டி செல்கள் என்ற ஒருவகை வெள்ளையணுக்களுக்கு அந்த மரபணு அவசியம் என்று மூன்றாமவர் ஷிமோன் சகாகுச்சி பிறகு காட்டினார். நோயுள்ள ஆண் இனம் பெருக்கும் முன்பே செத்துவிடும். அப்படியானால் அந்த ஐம்பது வருடமும், பார்க்க நல்லாவே இருக்கும் தாய் எலிகளில் பழுதைச் சுமப்பது எது என்று பிரித்துப் பிரித்து யாரோ வம்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதில் பெரும்பாலான காலம் பிசிஆரே கிடையாது!

இங்கே கருவி வாங்கக் கோடி கிடைக்கிறது. கூண்டு கழுவும் அண்ணனுக்குப் பதினோரு மாத ஒப்பந்தம். எந்தத் தாய் மிரளும், எது அமைதி என்று அவருக்குத்தான் தெரியும். அவரை மாற்றினால் ஆய்வு முடிவும் மாறும் என்றால் நிர்வாகத்துக்குச் சிரிப்பு வருகிறது.

சரி, பஸ்ஸுக்கு நேரமாகிறது. செவ்வாய்க்கிழமை இரண்டு கூண்டில் குட்டி விழ வேண்டும். சித்தி முறுக்குப் பொட்டலம் கட்டித் தந்தார், முடிச்சு மட்டும் என்னைப் போடச் சொல்லி.