டிக்கெட்டில் 388 என்று இருக்கிறதா பாருங்கள்

விமான டிக்கெட் போடும்போது வீட்டில் எல்லோரும் முதலில் விலையைப் பார்ப்பார்கள். அப்புறம் நடுவில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும், பெட்டி எத்தனை கிலோ எடுத்துப் போகலாம் என்று கணக்குப் போடுவார்கள். நான் அதற்கெல்லாம் முன்னால் என்ன விமானம் என்று பார்க்கிறவன். ஏர்பஸ் ஏ380 என்று இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயார், துபாயில் இரண்டு மணி நேரம் அதிகமாக உட்காரவும் தயார். இதற்கு வீட்டில் ஒரே கேலி. 'எதில் போனால் என்ன, போய்ச் சேர்ந்தால் சரி' என்பது அவர்கள் கட்சி. எகானமியில் 16 மணி நேரம் உட்கார்ந்து போகிற பயணத்துக்கு இந்தக் கட்சி செல்லாது என்பது என் கட்சி.

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் எமிரேட்ஸில் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒரே பயணத்தில் தெரிந்துவிடும். சென்னை – துபாய் நான்கு மணி நேரம் சொச்சம், போயிங் 777. துபாயிலிருந்து வட துருவத்தை ஒட்டி வளைந்து போகிற அந்த 13,000 கிலோமீட்டருக்கு இரட்டைத் தள ஏ380. இரண்டிலும் எகானமியில் வரிசைக்குப் பத்து பேர்தான், 3-4-3. ஆனால் 777-ன் உடம்பு குறுகல். முதலில் பெரும்பாலான நிறுவனங்கள் அதில் வரிசைக்கு ஒன்பது சீட்தான் போட்டிருந்தன. காலப்போக்கில் பத்தாவதையும் நெருக்கி நுழைத்துவிட்டார்கள். அதனால் சீட்டின் அகலம் சுமார் 17 அங்குலம். ஏ380-ன் கீழ்த்தளத்தில் அது ஒரு அங்குலமாவது கூட. ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். நடு சீட்டில், இரண்டு பக்கமும் நன்றாக வளர்ந்த ஆட்களுக்கு இடையில், சாப்பாட்டுத் தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முழங்கையை எங்கே வைப்பது என்று தவித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது சத்தம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான்கு எஞ்சின், 575 டன் வரை எடையோடு கிளம்புகிற விமானம், இரைச்சலும் அதற்கேற்றபடிதான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் நான் ஏறிய பெரிய விமானங்களில் ஆக அமைதியானது இதுதான். அதற்குக் காரணம் பயணிகள் மீதுள்ள கரிசனம் இல்லை, லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். அங்கே இரவு நேரத்தில் எவ்வளவு சத்தத்தோடு கிளம்பலாம் என்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே எஞ்சினின் முன்விசிறியைப் பெரிதாக்கினார்கள். ஹீத்ரோ பக்கத்தில் குடியிருப்பவர்களின் தூக்கத்துக்காகச் செய்தது, நமக்கும் தூக்கம் கிடைக்கிறது. பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசலாம். மூன்று வரிசை தள்ளி ஒரு குழந்தை அழுதால் அதுவும் தெளிவாகக் கேட்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

டர்புலன்ஸ் வராமல் இல்லை, வரும். ஆனால் சின்ன விமானம் தூக்கிப் போடுகிற இடத்தில் இது லேசாக அசைந்து கொடுத்துவிட்டுப் போகிறது. நிறைய பேருக்குப் பயமே அந்தத் தூக்கிப் போடுவதில்தான் இருக்கிறது.

என் அம்மா அந்தக் கூட்டத்தில் ஒருவர். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி. பேரப்பிள்ளைகளைப் பார்க்க வீல்சேரில் ஏறி, ஒரு கைப்பையில் மாத்திரையும் இன்னொன்றில் பருப்புப்பொடியுமாகக் கிளம்புகிற ஆயிரக்கணக்கான அம்மாக்களைப் போலத்தான் அவரும். ஏஷியன் வெஜ் மீல் சொல்லி வைத்தால் மற்றவர்களுக்கு முன்னாலேயே தட்டு வந்துவிடும், அதில் அவருக்கு ஒரு பெருமை. அவரை டாக்டர் மணிக்கொருமுறை எழுந்து நடக்கச் சொல்லியிருந்தார். நெருக்கமான விமானத்தில் எழுந்தால் எங்கே போவது? உணவு வண்டி வழியை மறிக்கும், டாய்லெட் வரிசையில் நிற்பதுதான் நடை. ஏ380-ல் இரண்டு நடைபாதை, நடுவில் கதவுகளுக்குப் பக்கத்தில் அகலமான இடம். அம்மா இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் திரும்பி வருவார். அப்படி ஒரு சுற்றில்தான் பின்பக்கம் நின்றிருந்த கும்பகோணத்து அம்மாள் ஒருவரோடு பழக்கமாகி, இருவருமாக மருமகள்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசித் தீர்த்தார்கள். வால் மேல் இருக்கிற கேமரா காட்டுகிற படத்தை சீட்டுக்கு முன்னாலுள்ள திரையில் போட்டுக் கொடுத்தேன். விமானம் ரன்வேயில் ஓடி மேலே எழும்புவதை மேலிருந்து பார்க்கலாம். 'இது நாம இருக்கிற பிளேனா?' என்று கேட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடி சாமி பெயரைச் சொல்ல மறந்துவிட்டார்.

விளம்பரங்களில் இதெல்லாம் வருவதில்லை. மேல்தளத்து பார், முதல் வகுப்பில் ஷவர், இவைதான் வரும். எமிரேட்ஸ் முதல் வகுப்பில் ஒரு பயணிக்கு ஐந்து நிமிடம் தண்ணீர் கணக்கு. 40,000 அடி உயரத்துக்குக் குளிக்கத் தண்ணீர் சுமந்துகொண்டு போகிறார்கள் என்பதைக் கோடையில் லாரித் தண்ணீருக்கு நின்ற சென்னைக்காரனால் சிரிக்காமல் படிக்க முடியாது. பார்க்கிறவர்களும் 'இது பணக்காரர்கள் விமானம்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஷவரை எல்லோரும் படம் பிடித்தார்கள், கீழே நானூறு பேர் நிம்மதியாகத் தூங்கியதை யாரும் படம் பிடிக்கவில்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது, பெரும்பாலும் தரையில். சுமார் 500 பேரை ஏற்றுவது என்பது ஒரு கல்யாண மண்டபத்தையே ஏற்றுவதுதான். போர்டிங் தொடங்கிய உடனே எழுந்து வரிசையில் நிற்பது வீண். இறங்கிய பிறகு அந்த ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் இமிக்ரேஷனுக்கு ஓடுவார்கள். பெல்ட்டில் பெட்டி வரத் தாமதமாகும். ஒரு முறை நெருக்கமான கனெக்ஷன் போட்டுக் கொடுத்த ஒரு நிறுவனத்தை நம்பி, வரிசையில் நின்றே அடுத்த விமானத்தைத் தவறவிட்டேன். உணவு கூப்பன் ஒன்றைக் கையில் திணித்து அனுப்பினார்கள். அதிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை நான் தொடுவதே இல்லை.

சரி, இவ்வளவு நல்ல விமானத்தை ஏன் நிறுத்தினார்கள்? 2007 அக்டோபர் 25-ல் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு முதல் பயணிகள் சேவை. 2019 பிப்ரவரியில் உற்பத்தியை நிறுத்துவதாக ஏர்பஸ் அறிவித்தது. 2021 டிசம்பரில் கடைசி விமானம் எமிரேட்ஸுக்குப் போனது. மொத்தம் விற்றது 251, அதில் 123 எமிரேட்ஸ் ஒன்றே வாங்கியது. மற்றவர்களில் பெரும்பாலோர் ஐந்து, பத்து என்று தொட்டுப் பார்த்ததோடு சரி.

பயணிகளுக்குப் பிடிக்காததால் நின்றது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்குதான் உதைத்தது. பெரிய நகரத்திலிருந்து பெரிய நகரத்துக்கு ஆட்களை மொத்தமாகக் கொண்டுபோய், அங்கிருந்து பிரித்து அனுப்பலாம் என்று ஏர்பஸ் நினைத்தது. அதற்குள் 777, 787, ஏ350 என்று இரண்டே எஞ்சினில் அவ்வளவு தூரமும் போகிற விமானங்கள் வந்துவிட்டன. 300 பேரைச் சேர்ப்பது சுலபம், தினமும் 500 பேரைச் சேர்ப்பது கஷ்டம். காலி சீட்டோடு பறந்தாலும் நான்கு எஞ்சினும் குடிக்காமல் விடுமா? போதாததற்கு, இதன் இறக்கையே இதற்காக அளவெடுத்தது இல்லை. இன்னும் நீளமான ஏ380-900 ஒன்று பின்னால் வரும் என்று நம்பி, அதையும் தாங்குகிற அளவில் இறக்கையைக் கட்டினார்கள். வளருகிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாகத் தைத்த பள்ளிச் சீருடை மாதிரி. பிள்ளை வளரவே இல்லை. அந்தத் தேவையில்லாத எடையைக் கடைசி வரை சுமந்தது. ஆனால் அந்தப் பெரிய இறக்கையால்தான் பழைய 747-ஐ விட மெதுவாக வந்து, பூப்போல இறங்க முடிகிறது. நிறுவனத்துக்கு நஷ்டமானது நமக்கு லாபமாகியிருக்கிறது.

கொரோனா வந்தபோது பலரும் இதைத் தலைமுழுகினார்கள். ஏர் பிரான்ஸ் 2020-லேயே மொத்தமாக விட்டது. ஜெர்மனியின் லுஃப்தான்சாவும் அந்த முடிவுக்குத்தான் வந்தது. ஆனால் கூட்டம் திரும்பியது, போயிங் 2020-ல் தருவதாகச் சொன்ன புதிய 777எக்ஸ் விமானம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது, உடனே லுஃப்தான்சாக்காரர்கள் ஸ்பெயினில் நிறுத்தி வைத்திருந்தவற்றைத் தூசி தட்டி 2023-ல் மூனிக்கிலிருந்து மறுபடி பறக்கவிட்டார்கள்.

சென்னைக்காரனாக எனக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. 2014-ல் இந்தியா ஏ380-ஐ அனுமதித்தபோது டெல்லி, மும்பை, ஹைதராபாத், பெங்களூரு என்று நான்கு ஊர்களைச் சொன்னார்கள். சென்னை அதில் இல்லை. 2022 அக்டோபரில் பெங்களூருக்கு எமிரேட்ஸ் ஏ380-ல் தினசரி சேவையே கொண்டுவந்தது. நாம் இன்னும் மீனம்பாக்கத்தின் இட நெருக்கடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். பரந்தூர் பற்றி இங்கே ஆரம்பித்தால் இந்தப் பதிவு வேறு எங்கோ போய்விடும், வேண்டாம்.

'இவ்வளவு பெரியது விழுந்தால் என்ன ஆவது?' என்று கேட்கிற உறவினர்களுக்கு: இதுவரை ஏ380 விபத்தில் ஒரு பயணிகூட இறந்ததில்லை. 2010 நவம்பர் 4-ல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய, ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்து 32-ம் எண் ஏ380 விமானத்தில் ஒரு எஞ்சின் வெடித்து, அதன் துண்டுகள் இறக்கையையே துளைத்துக்கொண்டு போயின. 469 பேரோடு திரும்பி வந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பத்திரமாக இறங்கியது. அதற்கு முன்பே 2006-ல் ஹாம்பர்க்கில் ஒரு சோதனை நடந்தது. இருட்டில், பாதி கதவுகளை மட்டும் திறந்து 873 பேரை வெளியேற்றிக் காட்ட வேண்டும், 90 விநாடிக்குள். 78 விநாடியில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். நம் ஊரில் பஸ்ஸிலிருந்து ஐம்பது பேர் இறங்க எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோடைக்கு டிக்கெட் போடுகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். புக்கிங்கில் விமான வகை இருக்கும் இடத்தில் 388 என்று இருந்தால் அது ஏ380. 77டபிள்யூ என்றால் 777. விமானத்தைக் கடைசி நேரத்தில் மாற்றவும் மாற்றுவார்கள், அதனால் கிளம்புவதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் கத்தார் ஏர்வேஸிலும் மேல்தளத்தின் பின்பக்கம் கொஞ்சம் எகானமி சீட் உண்டு, வரிசைக்கு எட்டே பேர். ஜன்னல் சீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் பெட்டி மாதிரி ஒரு இடம் இருக்கும், கைப்பை, சால்வை, பருப்புப்பொடி எல்லாம் அதில் போய்விடும். கிடைத்தால் விடாதீர்கள்.

என் மச்சான் இதைப் படித்ததும் கமெண்டில் வருவான். ஏ350-லும் 18 அங்குலம்தான், அதுவும் அமைதிதான், ஒரு ஆளுக்கு ஆகிற எரிபொருளும் குறைவு என்பான். மூன்றும் உண்மை, நான் மறுக்கவில்லை. 'நேரடி விமானம் இருக்கும்போது துபாய் எதற்கு' என்றும் கேட்பான். போன வருஷம் மாமியாரை அனுப்ப அவன் போட்ட டிக்கெட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அதில் 388 என்றுதான் இருந்தது.