கழுத்தறுத்தான் கோழிக்கு வைட்டமின் ஏ குறைவு இல்லை

கழுத்தில் தூவல் (இறகு) இல்லாத கோழிதான் கழுத்தறுத்தான். “கழுத்தறுத்தான் கோழிக்கு வைட்டமின் ஏ குறைவு, சொட்டு மருந்து விட்டால் தூவல் முளைக்கும்” என்று அண்ணன் ஒருவர் எழுதியிருப்பது தவறு. நடப்பது நேர்மாறு. கருவின் கழுத்துத் தோலில் ரெட்டினால்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் நொதி, வைட்டமின் ஏ வழியாக ரெட்டினாயிக் அமிலம் உண்டாக்குகிறது. இறகு முளைப்பதைத் தடுக்கும் பிஎம்பி என்ற புரதங்களின் சமிக்ஞைக்கு அந்தத் தோல் கூடுதலாக இணங்குவது அதனால்தான். இந்தக் கோழியில் மரபணு மாற்றத்தால் அந்தப் புரதங்களில் ஒன்றான பிஎம்பி12 மிகுதி. அதனால், கூடுதலாக இணங்கும் கழுத்து முதலில் வெறுமையாகிறது.

இறகு முளைகளின் இடம் அடைவைத்த 7ஆம் நாளை ஒட்டியே குறிக்கப்படத் தொடங்கும். 21ஆம் நாள் பொரித்த குஞ்சுக்கு மருந்து விட்டு என்ன பயன்? மார்த்தாண்டம் பக்கம் வளர்ப்பவர்கள் தயவுசெய்து விட வேண்டாம். வைட்டமின் ஏ ஈரலில் தேங்கும், அளவு மீறினால் எலும்பும் கெடும்.

கழுத்தின் முன்புறம் சிறு குஞ்சம் இருந்தால் மாறிய அந்த மரபணு தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த ஒரு பிரதிதான். சாதாரணச் சேவலோடு சேர்த்தால் ஏறக்குறைய பாதிக் குஞ்சுகள் முழு இறகோடு வரும்.