எண்ணெய் வாங்குவது மட்டும்தான் உறவா?

"எண்ணெயை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டால் போதும், வளரும் நாடுகளுக்கு அரபு நாடுகளின் தயவே வேண்டாம்" என்று சிலர் சொல்வது சரியல்ல. நேபாளத்தைப் பாருங்கள். அது பெட்ரோல், டீசலை வாங்குவது இந்தியாவிடமிருந்து. ஆனாலும் கத்தார், சவுதி, அமீரகத்தில் அதன் லட்சக்கணக்கான மக்கள் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பணம் அந்த நாட்டுப் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதில் ஒரு பெரிய பங்கு வளைகுடாப் பணம். அந்தத் தொழிலாளர்களின் சம்பளத்துக்கும் பாதுகாப்புக்கும் பேச அரசுகளுக்கிடையே உறவு வேண்டாமா? அப்புறம், வளரும் நாடுகளுக்கு யூரியா உரமும் வளைகுடாவிலிருந்து நிறைய வருகிறது. கடனுதவியும் உண்டு: வளர்ச்சித் திட்டங்களுக்காகவே குவைத் 1961-லேயே தனி நிதியம் தொடங்கியது. 2024-இல் அந்நியச் செலாவணி இல்லாமல் தவித்த எகிப்துக்கு அமீரகத்தின் 3,500 கோடி டாலர் முதலீட்டு ஒப்பந்தம்தான் மூச்சு கொடுத்தது.