ஓட்டுறதா, குளிர்த்துறதா?

"மட்டக்களப்புக்குப் போகாத, பாயோட ஒட்ட வைச்சிருவாளுகள்." யாழ்ப்பாணப் பக்கம் தலைமுறை தலைமுறையாக ஓடும் பேச்சு இது. உத்தியோகத்துக்கு வந்தவன் இங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிட்டால் மந்திரம், மருந்து என்பார்கள். காரணம் கண்முன்னே கிடக்கிறது. இங்கே குடி, அதாவது குலம், தாய்வழி. கலியாணம் முடித்தவன் மனிசி வீட்டுக்குத்தான் வருவான். வீடும் வளவும் மகள் பேருக்கு எழுதுவார்கள். வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் பேரிலுள்ள காணியை விற்கவும் புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். மட்டக்களப்புத் தமிழச்சிக்கு அந்தச் சட்டம் இல்லை. தன் வீட்டில் தன் சொல்லோடு நிற்கும் பெண்ணைப் பார்த்தவனுக்கு அது சூனியமாகத் தெரிந்திருக்கிறது.

பேய்ப்படங்களைப் பற்றி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு பேய்ப்படத்தை எடுத்துக்கொண்டால் முதலில் பார்க்க வேண்டியது பேயை இல்லை, வீட்டு உறுதிப்பத்திரம் யார் பேரில் என்பதை.

'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்தில் அது புருஷனின் பரம்பரை வீடு. 'சந்திரமுகி'யில் (2005) புருஷன் வாங்கிய அரண்மனை. இரண்டிலும் நாயகி கங்கா அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். பூட்டிய அறையைத் திறக்கக் கூடாது என்பது அவள் வரும் முன்பே மற்றவர்கள் போட்டுவைத்த கட்டளை. அவள் திறக்கிறாள். வாழ வந்த வீட்டில் ஒரு கதவைத் திறந்ததுதான் அவளுடைய முதல் குற்றம்.

கட்டில் காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெளியே போக ஆயத்தமாகிறாள். புருஷன் போக வேண்டாம் என்கிறான். தடுக்கச் சொல்லிக் கொடுத்தவர் புருஷனின் நண்பரான மனநல மருத்துவர். பேய் வெளியே வரவேண்டும் என்பதற்காகவே. அவள் முதலில் பதமாகத்தான் கேட்கிறாள். மறுகா, ஏன் என்று கேட்கிறாள். மறுகாத்தான் குரல் மாறுகிறது, ஒற்றைக் கையில் கட்டில் எழும்புகிறது. ஆணின் "போகாதே"யை மறுத்துப் பேச இந்தத் திரைக்கதை அவளுக்குக் கொடுத்த ஒரே வழி பைத்தியம். சுயபுத்தியோடு, "நான் போறன், பின்னேரம் வந்துருவன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கும் கங்காவை அந்தப் படத்தால் தாங்க முடியாது. சந்திரமுகியில் அவளைப் பார்த்துப் புருஷன் நண்பனிடம் சொன்ன "என்ன கொடுமை" ஊரெல்லாம் பரவியது. அவள் கேட்ட "ஏன்" எவருக்கும் நினைவில்லை.

மணிச்சித்திரத்தாழில் கங்கா தன்னை நினைத்துக்கொள்ளும் நாகவல்லி தஞ்சாவூர் நாட்டியக்காரி. ஒரு ஆணின் ஆசைக்காகக் கொண்டுவரப்பட்டு, அவன் கையாலேயே செத்தவள். வழக்கு இருப்பது அவளுக்கு. ஆனால் அந்த வழக்கைப் படத்தில் எடுத்துச் சொல்வது மருத்துவர், அதுவும் புருஷனிடம். தீர்வாக அவளிடம் வெட்டக் கொடுப்பது ஒரு பொம்மையை. சந்திரமுகியிலும் எரிவது பொம்மைதான். ஆண் பத்திரமாக இருக்கிறான். பெண்ணுக்குப் பழி தீர்ந்ததாக ஒரு பாவனை மிச்சம்.

குரலிலும் இதுதான் நடந்தது. மணிச்சித்திரத்தாழில் கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி, நாகவல்லியின் தமிழ்ப் பேச்சுக்குத் துர்கா. துர்காவின் பேர் வெளியே வர 20 வருசத்துக்கு மேல் எடுத்தது. 'த எக்ஸோர்சிஸ்ட்' (1973) படத்தில் பேய்க்குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையுடையது. முதலில் அவர் பேர் போடப்படவில்லை, சண்டை பிடித்துத்தான் போடவைத்தார். உலகத்தை நடுங்கவைத்த இரண்டு குரலும் பெண்களின் தொண்டையிலிருந்து வந்தவை, இரண்டும் பேரில்லாமல் வந்தவை. அந்தப் படத்தின் முடிவில் சிறுமி ரீகனுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. பேய்பிடித்த பெண்ணைக் குணப்படுத்துவது என்றால் அவள் கத்திச் சொன்னதையும் சேர்த்துத் துடைத்துவிடுவது என்று இந்த வகைப் படங்கள் வழக்கப்படுத்திவிட்டன.

'காஞ்சனா'வை (2011) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொல்லப்பட்ட திருநங்கையின் ஆவி ஆண் உடம்பில் ஏறுகிறது. கதையைக் கேட்டவர் தன் உடம்பை அவளுக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறார், பழி தீர்கிறது, தியேட்டர் விசில் அடிக்கிறது. ஆவி ஆணில் ஏறினால் அவன் கதாநாயகன், பெண்ணில் ஏறினால் அவள் நோயாளி. இவ்வளவு அப்பட்டமாக வேறெங்கும் தெரியாது.

எங்கட கரையில் கோபக்காரிக்குச் செய்யும் முறை வேறு. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று கடலோர எழுவான்கரை நெடுகக் கண்ணகி கோயில்கள். வைகாசியில் கதவு திறக்கும், கல்யாணக்கால் நடுவார்கள், இரவில் அவள் கதையான வழக்குரை பாடுவார்கள், கடைசியில் அவள் கோபத்தை ஆற்றும் குளிர்த்தி. இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். புருஷனை அநியாயமாகப் பறிகொடுத்து ஒரு நகரத்தையே எரித்தவளின் வழக்கு முதலில் ஊர் கேட்க வாசிக்கப்படுகிறது, அதன் பிறகுதான் அவளைக் குளிர்த்துகிறார்கள். போய்விடு என்று எவரும் கேட்பதில்லை. அடுத்த வைகாசியில் அவளுக்காகவே கதவு திறக்கும். பூசை செய்கிற கப்புகனார் ஆண்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் கோபம் நியாயம் என்று ஒத்துக்கொண்ட பிறகு நடக்கும் சடங்கு அது.

யுத்த காலத்தில் இது இன்னும் கூர்மையானது. 90களில் மட்டக்களப்பில் அம்மன் உருவேறி வாக்குச் சொன்ன பெண்களைப் பற்றி மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்ஸ் விரிவாக எழுதியிருக்கிறார். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனபின் முகாமிலும் பொலிசிலும் பதில் கிடைக்காத தாய்மார் அவர்கள் முன்னால் வந்து இருந்தார்கள். கேட்ட கேள்வி, "எண்ட புள்ள எங்க தாயே?" உருவேறியவளிடம் நீ யார், எப்ப போவாய் என்று எவரும் கேட்கவில்லை. வாய்திறந்தால் ஆபத்து என்றிருந்த ஊரில் காணாமல்போனவனைப் பற்றிச் சத்தமாகப் பேச அந்த உடம்புகளுக்கு மட்டும்தான் துணிவும் அனுமதியும் இருந்தன.

ஓட்டுகிற முறையின் கொடுமையும் சினிமாவோடு நின்றுவிடவில்லை. 2021 இல் தெல்கொடையில் 9 வயதுச் சிறுமி பேயோட்டுகிறோம் என்று பிரம்பால் அடிபட்டுச் செத்தாள். அடித்தவர் ஒரு பெண். ஆகையால் மந்திரவாதியின் இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டால் படம் பெண்ணியப்படம் ஆகிவிடாது. "வெளியே போ" என்கிற அந்த இடமே பிழை.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பேய்க்குறும்படம் எடுக்க நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்குச் சில காரியங்கள். பேயோட்டும் இடத்தில் வழமையாக நாலு கேள்வி: யார் நீ, எங்கேயிருந்து வந்தாய், என்ன வேணும், எப்ப போவாய். பெரும்பாலான படங்கள் மூன்றாவதை ஒரு சேவலோடு முடித்துவிடுகின்றன. சடங்கின் உயிரே அதுதான், பேரம் அங்கேதான் நடக்கிறது. மனிசியாக இருந்து கேட்க முடியாததை அவள் அங்கே கேட்பாள். உங்கள் 10 நிமிசப் படத்தில் 3 நிமிசத்தை அதற்குக் கொடுங்கள், வெட்டாதீர்கள்.

உடுக்குச் சத்தத்தைப் பேச்சோடு சேர்த்துப் பதிந்தால் அவள் சொல்வது மூழ்கிவிடும், பிறகு எடிட்டிங்கில் மீட்கவே ஏலாது. உடுக்கைத் தனியாகப் பதிந்து, அவள் வாய்திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கோயிலிலும் தெய்வம் பேசத் தொடங்கினால் உடுக்கு ஓயும். கமராவை நிற்கிற ஆண்களின் கண்மட்டத்தில் வைத்தால் நிலத்தில் இருப்பவள் மிருகம் மாதிரித் தெரிவாள். நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்துக்கு இறக்குங்கள். ஆண்களின் கால்கள் மட்டும் வரட்டும். வெள்ளைச்சீலை, விரித்த தலைமுடி, கொலுசு மூன்றும் வேண்டாம், பார்த்துப் பார்த்துப் புளித்துவிட்டன.

கதையை அரண்மனையில் வைக்காமல் எங்கட சீதன வீட்டில் வையுங்கள். திறப்பு அவள் இடுப்பில் இருக்கட்டும், உறுதியில் அவள் பேர் இருக்கட்டும். வந்து சேர்ந்தவன் புருஷன். பூட்டிய அறையைத் திறக்காதே என்று அவளுடைய தாய் அவனுக்குச் சொல்லட்டும். அவன் திறந்து, அவனுக்குப் பேய் பிடித்தால், அந்த முற்றத்தில் யார் கூடி நிற்பார்கள், யார் கேள்வி கேட்பார்கள் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.